திலகா ஏன் நடக்க வரவில்லை?

கோடை தொடங்கிய சமயம். பௌர்ணமிக்கு மறுநாள் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மடியில் முட்டி வலித் தைலம். மனசில் ஒரு சந்தேகம்... நான் என்ன தப்பு செய்தேன்?

திலகா என் கணவரின் தங்கை. அவர் போன பிறகு, பௌர்ணமி தவறாமல் மத்தியானமே வேங்கிக்காலில் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். வெயில் தாழ்ந்ததும் கிரிவலம் கிளம்புவோம். நான் பேசுவேன், அவள் சிரிப்பாள். இது என்ன பெரிய ஏற்பாடு என்கிறீர்களா? மகன் வெளியூரில். புதுக் காலனி, எல்லா வீட்டிலும் கதவு சாத்தியே இருக்கும். மாதம் பூராவும் சேர்ந்துபோன பேச்சைக் கொட்ட எனக்கு இருந்தது அந்த ஒரு ஜோடிக் காதுதான்.

திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். "முட்டி வலி அண்ணி" — ஒவ்வொரு மாதமும் அதே பதில். உடனே போன் கட்.

ஒரு பௌர்ணமிக்குத் தனியாகவே போனேன். அன்றைக்கு ஊரே நடக்கும்தான். தோள் இடிக்கும். யாராவது குதிகாலை மிதித்துவிட்டு 'சாரிம்மா' என்பார்கள். அன்று முழுக்க என்னிடம் பேசிய ஒரே மனுஷக் குரல் அந்த 'சாரிம்மா'தான். கூட்டத்தில் தனியாக நடப்பதைவிட வீட்டில் தனியாக இருப்பதே தேவலை... ஃபேனாவது சத்தம் போடும்.

கீழ்பென்னாத்தூரில் இறங்கி அவர்கள் நிலத்துக்கே போனேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிக் குவித்திருந்தார்கள். திலகா குத்துக்காலிட்டு உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரே எம்பில் எழுந்தாள். அந்த முட்டிக்குத் தைலமா?

"இன்னா அண்ணி, சொல்லாம கொள்ளாம?"

"முட்டி எப்படி இருக்கு திலகா?"

முகம் சுண்டிப்போனது. பக்கத்தில் மருமகள். என் கையைப் பிடித்து மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"முட்டி நல்லாத்தான் கீது அண்ணி. உங்ககூடத்தான் நடக்க முடியல."

நான் பயந்தது இதைத்தானே?

"நீங்க பேசினா சிரிப்பு வருது. சிரிச்சா... தாங்க மாட்டேங்குது. பாவாடை நனைஞ்சிடுது. இருமினாலும் அப்படித்தான். அன்னிக்கு அடி அண்ணாமலை தாண்டறப்பவே ஆயிடுச்சி. ஈரத்தோட எப்படி சாமி முன்னால நிக்கறது? நான் கோயிலுக்குள்ள போயே எவ்ளோ நாளாச்சி தெரியுமா?"

என் பேச்சை யாரும் இந்த அளவுக்குப் பாராட்டியதில்லை! ஆனால் சிரிக்க முடியவில்லை. ஒரே பாதையில், ஒரே நிலாவுக்குக் கீழே, தோளோடு தோள் நடந்திருக்கிறோம். அவள் ஒவ்வொரு சிரிப்புக்கும் பயந்துகொண்டே வந்திருக்கிறாள் — நான் பேசிக்கொண்டே போயிருக்கிறேன்.

அவளிடம் வைத்தியமும் இருந்தது. வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிப்பதில்லை. அடர் கலர் புடவைதான். குடும்பத்தோடு கோயிலுக்குப் போனால், "நான் செருப்பைப் பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க." நம் கோபுர வாசல்களில் செருப்புக்குக் காவல் நிற்கும் பெண்களில் எத்தனை பேர் இப்படி நிற்கிறார்களோ... யார் கேட்டோம்?

"மூணு பெத்தவ, புல்லுக்கட்டு தூக்கினவ. வயசாச்சி. இதெல்லாம் இருக்கறதுதானே அண்ணி?"

இருக்கிறதுதான். இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

லேடி டாக்டரிடம் வர ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டாக்டர் யூரின் டெஸ்ட் எடுத்தார், கிருமி இல்லை என்று பார்த்துக்கொண்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். அந்தப் பெண் படம் காட்டினாள். இடுப்பெலும்புக்கு அடியில் தொட்டில் மாதிரி ஒரு தசை. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் — மூன்றையும் கீழிருந்து தாங்குவது அதுதான். பிரசவம், பாரம் தூக்குவது, மலச்சிக்கலோடு முக்குவது, மாதவிடாய் நிற்பது... எல்லாமாகச் சேர்ந்து தொட்டில் தளர்ந்துவிடுகிறது. பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் இறுகும். நமக்கு இருப்பதே தெரியாத ஒன்று, இத்தனை வருஷம் நம்மைத் தாங்கியிருக்கிறது!

"காத்து பிரியாம அடக்கறோம் இல்ல, அந்த மாதிரி உள்ளே இழுத்து மேலே தூக்குங்கம்மா."

திலகா கன்னத்தை உப்பிக்கொண்டு, தொடையை இறுக்கி, பல்லைக் கடித்தாள்.

"ஐயோ, மூச்சை விடுங்கம்மா! கீழதான் புடிக்கணும், மூஞ்சில இல்ல."

இழுப்பது பாதி வேலைதானாம், முழுசாகத் தளர்த்துவது மீதி. மூத்திரம் போகும்போது இதைச் செய்து பார்க்கக் கூடாது. தண்ணீரைக் குறைத்தால் எரிச்சல்தான் ஜாஸ்தியாகும். தினமும் விடாமல் செய்ய வேண்டும், பலன் தெரிய மாதக் கணக்காகும். அப்புறம் ஒரு சூட்சுமம் — இருமல், தும்மல், சிரிப்பு வரும் என்று தெரிந்தால், அதற்கு முன்னால் இறுக்கிக்கொள்வது.

பக்கத்து நாற்காலியில் நானும் ரகசியமாக இழுத்துப் பார்த்தேன். எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை. அன்றிலிருந்து நானும் தினமும் தேடுகிறேன், யாருமில்லாத வீட்டில்.

மாதங்கள் போயின. போனில் கேட்டால், "கொஞ்சம் கம்மியாகீது அண்ணி." அவ்வளவுதான். கிரிவலம் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டு 'இல்லை' என்றுவிட்டால்?

போன பௌர்ணமிக்கு, மத்தியானம், வாசலில் நின்றாள்.

"பாதி தூரம்தான் அண்ணி. அப்புறம் ஆட்டோ புடிச்சிப் போயிடுவேன்."

மீதிப் பாதி நான் தனியாகத்தான். பரவாயில்லை, வா.

நடந்தோம். நான் வாயைத் திறக்கவில்லை. அவளும். இப்படி ஊமையாய் நடப்பதற்கா இத்தனை பாடு? அடி அண்ணாமலை தாண்டியதும் அவளே, "இன்னா அண்ணி, பேச்சையே காணோம்?" என்றாள். எங்கள் காலனிக்காரர் ஒருவரின் கதையை ஆரம்பித்தேன். சிரிப்பு வரும் இடத்துக்குச் சரியாக வந்தபோது கையை உயர்த்தினாள்.

"இருங்க அண்ணி, இருங்க!"

நடுப்பாதையில் மலையைப் பார்த்தபடி நின்றாள். கண்ணை மூடினாள். மெல்ல மூச்சை விட்டாள். பின்னால் வந்த ஒரு பெண், ஏதோ தரிசனம் என்று நினைத்து, தானும் நின்று மலையை நோக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

திலகா கண்ணைத் திறந்தாள். "ம்... இப்ப சொல்லுங்க."

எனக்கு என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்துவிட்டது. அதையே அவளிடம் சொன்னேன்.

அதற்குத்தான் அவள் அப்படிச் சிரித்தாள்.