எஞ்சின் மேலே, ஸ்டியரிங் கீழே

தூசி கருகும் வாசனை மூக்கில் பட்டால் மற்றவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். நான் அப்பாவைத் தேடுவேன். போடியில் நாங்கள் குடியிருந்த சிமெண்ட் சீட்டு வீட்டில், சித்திரை வெயில் உச்சியில் நிற்கும் மத்தியானங்களில், மேசைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி கொர்ரென்று இரைந்துகொண்டிருக்கும். அதன் வயிற்றிலிருந்து கிளம்பும் சூட்டோடு அந்த வாசனையும் வந்து முகத்தில் அடிக்கும். அப்பா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு என்னிடம், "ஆத்தா, வண்டி கொதிக்குது, நிப்பாட்டுவோம்" என்பார்.

அப்பா ஜீப் டிரைவர். விடிவதற்குள் ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாகப் போடிமெட்டு மலை ஏறி, எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். அம்மாவும் அந்த 'லோடில்' ஒருத்திதான். நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம், சர்க்கரைப் புண் ஆறாமல் அப்பாவின் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்தது பாதத்தை மட்டுமா? பிரேக் மிதிக்கிற கால் போனதும் ஜீப்பும் வேறொருவர் கைக்குப் போனது. காலையில் அதே ஜீப் எங்கள் தெருவில் வந்து ஹாரன் அடிக்கும், அம்மா தூக்குவாளியோடு ஓடி ஏறுவாள், அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தபடி, "செகண்டு கியருல எடுக்குறான் பாரு, கூறுகெட்ட பய" என்று முனகுவார். வண்டிச் சத்தம் முழுதாக அடங்கும்வரை இந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

அப்பாவின் சினேகிதர் சிக்கந்தர் மாமா. ஊருக்கெல்லாம் அவர் பாய், எனக்கு மட்டும் மாமா. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் 'பிரவுசிங் சென்டர்' வைத்திருந்தார். எல்லார் கையிலும் போன் வந்து, கடைக்கு ஆள் வரத்து நின்று, அதை மூடியபோது, ஒரு கம்ப்யூட்டரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கினார். அதில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. அப்பா தயங்கினார். "காலு வேணாம்ணே, வெரலு போதும். இது ஆக்சிலேட்டரு, இது பிரேக்கு" என்று மாமா பொத்தான்களைக் காட்டினார். அப்பா பிரேக்கை அழுத்தினார், லாரி நின்றது. மறுபடி எடுத்தார், மறுபடி நிறுத்தினார். காரணமே இல்லாமல் பத்துத் தடவை நிறுத்திப் பார்த்தார். வேலை முடிந்து வந்த அம்மா வாசலில் நின்று, "நல்லாருக்கு, அம்பது வயசுல வெளாட்டு" என்று நொடித்தாள். அப்புறம் சேலைத் தலைப்பால் முகம் துடைக்கிற சாக்கில் சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

பெட்டி கிழடு. ஏற்றம் வந்தால் படம் திக்கித் திக்கி நகரும். வளைவில் திருப்பினால் லாரி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும், அதற்குள் நாங்கள் பள்ளத்தில் கிடப்போம். அப்பாவுக்கு அது கம்ப்யூட்டராகப் படவே இல்லை. "பிக்கப்பே இல்ல பாய், மிஸ்ஸிங் அடிக்குது" என்று மாமாவிடம் முறையிட்டார். மாமா எங்கெங்கோ அழுத்தி, சாலையோர மரங்களை எடுத்தார், நிழலை எடுத்தார், மழையை எடுத்தார், மலைமேல் மிதந்த பனிமூட்டத்தையும் எடுத்தார். "லோடக் கொறச்சுட்டேன்ணே, இப்ப இழுக்கும்" என்றார். இழுத்தது. ஆனால் மொட்டை ரோடு. எஸ்டேட்டில் பழகிய அப்பாவின் வாய்க்குப் பனிமூட்டம் எப்போதும் 'மஞ்சு'தான். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, "மஞ்சு இல்லாத மலை என்னா மலை" என்று உதட்டைப் பிதுக்கினார்.

அப்படியும் வெயில் ஏற ஏறப் பெட்டி அரை மணிக்கு ஒருமுறை தானாக அணைந்துவிடும். ஜீப்பின் பானெட்டைத் திறந்து வைப்பதுபோல் அப்பா அதன் பக்கத் தகட்டைக் கழற்றியே வைத்திருந்தார். ஒருநாள் மாமாவிடம் கேட்டார்: "ஏன் பாய், இந்தப் பெட்டிய மெட்டுல, அந்தக் குளிருக்குள்ள வச்சுட்டு, ரோட்ட மட்டும் கம்பி வழியா இங்க அனுப்புனா என்ன? கொதிக்கவே கொதிக்காதுல்ல? மரம், மஞ்சு எல்லாத்தையும் வச்சுக்கிறலாம்ல?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "எஞ்சின மேல வச்சுட்டு ஸ்டியரிங்க கீழ வச்சு எவண்ணே ஓட்டுவான்?"

நான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் படிக்கிற பெரிய மனுஷி அல்லவா, மாமாவைவிடச் சத்தமாகச் சிரித்தேன். அப்பாவும் காதைத் தடவிக்கொண்டு சிரித்தார். அதை இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

அந்த மே மாதம் ஒருநாள், கட்டு மாற்றுவதற்காக மாமா அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார். திரும்பி வருவதற்குள் ரோட்டில் மஞ்சைக் கொண்டுவந்து அவரை அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. மாமா அழுத்திய இடங்கள் எனக்கு மனப்பாடம். மரம் வந்தது, நிழல் வந்தது, மலையை மூடிக்கொண்டு மஞ்சும் வந்தது. பெட்டி பேயாய் இரைய ஆரம்பித்தது. அப்பா வருகிற நேரத்தில் அணைந்து தொலைக்குமே என்ற பதற்றத்தில், அவர் செய்து நான் பலமுறை பார்த்ததையே செய்தேன். மலை ஏற்றத்தில் எஞ்சின் கொதித்தால் அப்பா ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் போர்த்துவார். நானும் ஒரு சாக்கைத் தொட்டியில் முக்கியெடுத்து, திறந்து கிடந்த பெட்டியின்மேல் போட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம் வந்தது. திரை கறுத்துவிட்டது.

சாக்கைத் தூக்கிக் கொல்லையில் துவைகல்லுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்தார். பெட்டியைப் பார்த்தார், தரையில் கிடந்த ஈரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கரண்டு கிரண்டு அடிச்சுச்சா ஆத்தா?"

"இல்லப்பா. அதுவா நின்னுருச்சு."

"சரி, விடு" என்றார். சாயங்காலம் அம்மா கேட்டதற்கு, "நாந்தான் ரொம்ப வெரட்டிட்டேன்" என்று சொல்லி அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மாமா பிரித்துப் பார்த்துவிட்டு, "போர்டு போச்சுண்ணே" என்றார். வேறொன்று பார்த்துக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். அப்பா, "வேணாம் பாய், போதும்" என்றார்.

சில நாள் கழித்து, தண்ணீர்ப் பானையைச் சுற்றிக் கட்ட நான் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தேன். கக்கத்துக் கட்டையை ஊன்றி நின்ற அப்பா, எங்கோ பார்த்தபடி, "சாக்கப் பிழிஞ்சு போடணும் ஆத்தா. சொட்டச் சொட்டப் போட்டா எஞ்சினுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். நாலு அறை விட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அதன் பிறகு அவர் எந்த வண்டியும் ஓட்டவில்லை. வெற்று மேசை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது விரல்கள் மட்டும் பலகையை அழுத்திக்கொண்டிருக்கும். நான் பத்தாம் வகுப்பு முடிக்குமுன் அப்பா போய்விட்டார். நான்தான் செய்தேன் என்கிற ஒரு வார்த்தை, அத்தனை வருடத்தில் ஒருநாளும் என் வாயில் வரவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் மாமா இப்போது போன் கடை வைத்திருக்கிறார். தாடி பஞ்சாக நரைத்துவிட்டது. 'கேம் ஸ்ட்ரீமிங்' என்று புது வசதி ஒன்றைக் காட்டினார். விளையாட்டு போனுக்குள் இல்லையாம்; எங்கோ தூரத்தில், குளிரூட்டிய கட்டடத்தில் பெரிய கம்ப்யூட்டர்கள் ஓட, படம் மட்டும் நம் கைக்கு வருமாம்; நாம் அழுத்துவது அங்கே போகுமாம். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"அண்ணன் அன்னைக்கு இதத்தான கேட்டாரு?"

"ஆமா மாமா."

"நம்ம ரெண்டு பேரும் சிரிச்சோம்" என்றவர், கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து, மேசை இருந்த மூலையில் உட்கார்ந்து, மாமா காட்டிய அந்த வசதியில் என் போனில் ஒரு லாரியை எடுத்தேன். மரம், நிழல், மழை எதையும் எடுக்கவில்லை. படம் ஓரிடத்திலும் திக்கவில்லை, நல்ல பிக்கப். வளைவு வளைவாக ஏறி வண்டி மஞ்சுக்குள் நுழைந்தது. போனின் முதுகைத் தடவிப் பார்த்தேன், கொதிக்கவில்லை. தூசி கருகும் வாசனையும் இல்லை. நீங்க சொன்னது சரிதாம்ப்பா, எஞ்சின் மேலதான் இருக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"அப்பா, சாக்கு நாந்தாம்ப்பா போட்டேன்."

அடுப்படியிலிருந்து அம்மா, "யாருட்டடி பேசுற?" என்று கேட்டாள்.

"யாருட்டயும் இல்லம்மா" என்றேன்.