கரடிப் பாதையில் இருபத்தைந்து பிள்ளைகள்

பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலர் என்றால் ஊருக்குச் சேவை செய்பவர் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது காலை முதல் மாலை வரை தலை எண்ணுகிற வேலை. நான் குன்னூரில் ஒரு அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். சமவெளியிலிருந்து மாறுதலில் வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. "நீங்கதான் சின்ன வயசு, ஓடியாடிச் செய்வீங்க" என்று சொல்லி இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். இதே பொறுப்பில் இருக்கிற ஆசிரியர்கள் உங்களில் பலருக்கும் இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கும், அதனால் உங்களிடம் சொல்லலாம்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லைனில், தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருக்கிற இடத்தில், ஏழு நாள் முகாம். லைன் வீடுகளிலிருந்து அங்கன்வாடிக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் உண்ணிச் செடி ஆளுயரம் மண்டிக் கிடந்தது. அதற்குள் கரடி படுத்திருக்கும். சின்னக் குழந்தைகள் நடக்கிற வழி, வெட்டிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்று ஊர்க்காரர்களே கேட்டு வாங்கிய வேலை அது.

கையெழுத்து

பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் நான் "பாதை சீரமைப்புப் பணி" என்று எழுதினேன். பொய் இல்லை. கரடி என்று எழுதினால் ஒரு கையெழுத்துகூட வந்திருக்காது, அதுவும் உண்மை. இருபத்து நான்கு கடிதம் வந்துவிட்டது. இருபத்தைந்தாவது நிவேதாவுடையது. பிளஸ் ஒன் பிள்ளை, வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். அவள் அம்மா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை, அதன் குடியிருப்பிலேயே வீடு, ஒரே பிள்ளை.

அந்தப் பக்கம் காடாச்சே என்று கேட்டார். நான் கூடவே இருப்பேன் என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "ஏனுங்க டீச்சர், கடுதாசியப் பாத்து அனுப்பலீங்க, உங்க மூஞ்சியப் பாத்து அனுப்பறேன். எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ அப்படியே கொண்டாந்து உடோணும்."

படம்

முதல் நாள் மழைத் தூறல். பிள்ளைகளின் கால்களில் அட்டை ஏறியது. நான் ஒரு கையில் உப்புப் பொட்டலமும் இன்னொரு கையில் வருகைப் பதிவேடுமாக ஓடிக்கொண்டிருந்தேன். எண்ணினால் இருபத்து நான்கு வந்தது. மறுபடி எண்ணினேன், அப்போதும் இருபத்து நான்குதான். மூன்றாம் தடவை எண்ணும்போதுதான், முகாம் பெயர் எழுதிய துணி பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி அதற்குப் பின்னாலேயே நின்றிருப்பது தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் போன் செய்தார். பிள்ளைகள் பத்திரமா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்து, எல்லாரும் இருக்கிறார்கள் சார் என்று முந்திக்கொண்டேன். அவர் நான் அனுப்பிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. "அதெல்லாம் சரிங்க மேடம், பேனர் கோணலா இருக்குது. புள்ளைங்க சிரிக்கிற மாதிரி இன்னொண்ணு எடுத்து அனுப்புங்க."

அமைதி

நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. நாலு பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால் முதலில் வாயில் வருவது "பேசாதே". இரண்டாம் நாள் காலை நான் இருபத்தைந்து பேரையும் ஒற்றை வரிசையாக நிறுத்தி, ஒரு சத்தம் வரக்கூடாது என்று எச்சரித்துப் பாதையில் அழைத்துப் போனேன். அரிவாள், மண்வெட்டியோடு அவ்வளவு ஒழுங்காக நடந்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எதிரே அங்கன்வாடி உதவியாளர் கிருஷ்ணவேணி அக்கா வந்தார். கூட மூன்று பெண்கள், இலை பறிக்கப் போகிறவர்கள். அவர்கள் போட்ட சத்தம் வளைவுக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டது. யார் வீட்டுக் குழம்பில் உப்பு அதிகம் என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்களைப் பார்த்ததும் அக்கா நின்றுவிட்டார். முகத்தில் கோபமா பயமா என்று சொல்ல முடியவில்லை. "இந்த வழியில சத்தமில்லாம யாருங்க டீச்சர் நடப்பாங்க? நாம வாறோம்னு அதுக்குத் தெரிஞ்சாத்தானுங்க அது ஒதுங்கிப் போகும்."

அன்றிலிருந்து என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிள்ளைகளைப் பேசச் சொல்லிக் கெஞ்சினேன். சொன்னதும் இருபத்து நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். நிவேதா மட்டும் வாயை அசைத்தாளே தவிர சத்தம் வரவில்லை. "என்ன பேசறதுன்னு தெரியல மிஸ்."

எண்ணெய்

ஆறாம் நாள் வேலை முடிந்தது. பாதை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பளிச்சென்று தெரிந்தது. கோடியில் தகரக் கூரை போட்ட சின்ன மாரியம்மன் கோயில். நேரம் மிச்சம் இருந்ததால் பிள்ளைகள் கோயிலையும் கழுவிக் கோலம் போட்டு, லைன் வீடுகளில் அகல் விளக்கு இரவல் வாங்கி, படியில் வரிசையாக ஏற்றினார்கள். நான் ஊர்க்காரர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். இருட்டுவதற்கு முன் பிள்ளைகளைத் தங்கியிருந்த தொடக்கப் பள்ளிக்குள் சேர்த்துவிட வேண்டும் என்கிற ஒரே நினைப்பில், விளக்கில் எவ்வளவு எண்ணெய் ஊற்றினார்கள் என்று பார்க்கவில்லை.

அந்த லைனில் பூசை முடிந்தால் திரியை அணைத்து, மிச்ச எண்ணெயை வடித்து, விளக்கைத் துடைத்து வீட்டுக்குக் கொண்டு போய்விடுவார்களாம். கரடிக்கு எண்ணெய் வாசம் அவ்வளவு இஷ்டம். அவர்களுக்கு இது சோறு தின்பது மாதிரி தெரிந்த விஷயம், அதனால் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியாது, அதனால் நாங்கள் கேட்கவில்லை. விளக்குகளைப் படியிலேயே விட்டுவிட்டுத் திரும்பும்போது ஒருத்தி முகாமின் நல்லெண்ணெய் டின்னைக் காலியாக ஆட்டிக் காட்டினாள். "அம்மனுக்குக் குறை வெக்க வேண்டாம்னு எல்லாத்தையும் ஊத்திட்டோம் மிஸ்."

இருபத்து நான்கு

ஏழாம் நாள் காலை, நன்றாக வெளுத்துவிட்ட நேரம். கிருஷ்ணவேணி அக்கா பள்ளிக்கு ஓடிவந்தார். கோயில் படியில் விளக்கு இருப்பதைக் கேள்விப்பட்டு, யாரையும் அந்தப் பக்கம் விடாதீர்கள் என்று சொல்ல வந்திருக்கிறார். நான் எண்ணினேன். இருபத்து நான்கு. இந்தத் தடவை பேனர் மடித்து மூலையில் இருந்தது. இரவல் விளக்கைக் கழுவிக் கொடுக்க வேண்டும் என்று நிவேதா அப்போதுதான் கிளம்பிப் போனாள் என்றார்கள்.

நானும் அக்காவும் ஓடினோம். அவள் அம்மா முகம் மட்டும்தான் கண் முன்னால் நின்றது. வளைவு திரும்பியதும் தெரிந்தது. கோயில் படியில் கரடி உட்கார்ந்து விளக்கு விளக்காக நக்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில் நிவேதா. புதர் இருந்திருந்தால் கரடி மேலேயே போய் மோதியிருப்பாள். வெட்டிய பாதை என்பதால் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். அதற்கு முதுகு காட்டாமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். வகுப்பில் நான் ஒருநாளும் கேட்டிராத உரத்த குரலில் "ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கரடி தலையைத் தூக்கிப் பார்த்தது. கால்சியம் வருகிற வரைக்கும் பார்த்துவிட்டு இறங்கி ஓடைப் பக்கம் போய்விட்டது. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவளுக்குப் பல் தந்தியடித்தது. "வாய்க்கு அதுதான் மிஸ் வந்துச்சு. நடுவுல ஒண்ணு ரெண்டு விட்டிருப்பேன்."

ஒப்படைப்பு

சாயங்காலம் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் பெற்றோர்கள் காத்திருந்தார்கள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று வழியெல்லாம் எனக்கு ஆசையாக இருந்தது. பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் எப்படியும் தெரிந்துவிடும். அதைவிட, என் முகத்தைப் பார்த்து அனுப்பியவரிடம் அதே முகத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது? நிவேதாவின் அம்மாவைத் தனியாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கரடி இருப்பது முன்பே தெரியும், கடிதத்தில் எழுதவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகளைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தார், பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். நிவேதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அம்மா அவள் கையைப் பிடித்து அடக்கினார். "அங்க இருக்கற குழந்தைகளும் புள்ளைங்கதான், அந்த வேலை வேணும்தானுங்க டீச்சர். கரடின்னு எழுதியிருந்தாலும் நான் யோசிச்சுட்டு அனுப்பியிருப்பனோ என்னமோ. அந்த யோசனைய நீங்க என்னயப் பண்ண உடலீங்களே."

நான் பள்ளிக்குப் போய் "முகாம் இனிதே நிறைவுற்றது" என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நீங்களும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள்.