என் மனைவி திருத்திய நோட்டு

குடல் இறக்கம் வெளியே சொல்லிக்கொள்ள முடியாத வியாதி. சர்க்கரை, பிரஷர் என்றால் ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். இதைச் சொன்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. வலது அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் போல ஒன்று புடைத்தபோது டாக்டரிடம் போனேன். சின்ன ஆபரேஷன்தான், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், அப்புறம் ஒரு மாதம் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, மருந்துக்கடையில் ஒரு பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த பெல்ட்டோடு இரண்டு வருஷம் ஓட்டினேன்.

நான் வேதியியல் ஆசிரியர். நாமக்கல்லில், விடுதியோடு சேர்ந்த ஒரு பெரிய பள்ளியில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே கத்த வேண்டும். அந்த வேலைக்கும் குடல் இறக்கத்துக்கும் ஆகாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் மூன்று நாள் என்றால் மூன்று இரவு. என் மனைவியை மூன்று இரவு யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

அவளுக்குப் பதினாறு வருஷமாக மனச்சிதைவு நோய். யாரும் பேசாத பேச்சு அவள் காதில் விழும். மாத்திரை ஒழுங்காகப் போனால் அந்தப் பேச்சு அடுத்த தெரு ரேடியோ மாதிரி தூரத்தில் கேட்கும் என்று அவளே ஒருமுறை சொன்னாள். பகலில் தனியாக இருந்துகொள்வாள். மதியம் நான் வந்து சாப்பாடு போட்டுவிட்டுப் போவேன். ராத்திரி எட்டரைக்கு மாத்திரை, அது என் கையால்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான புதிதில் அவளும் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேப்பர் திருத்துவோம். யார் முதலில் முடிப்பது என்று போட்டி வேறு நடக்கும். எப்போதும் அவள்தான் முடிப்பாள்.

பள்ளியில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. இரவு ஸ்டடிக்கு ஏன் வருவதில்லை, டூருக்கு ஏன் வருவதில்லை, எந்தக் கல்யாணத்துக்கும் ஏன் ஒற்றை ஆளாக வருகிறீர்கள் என்று எது கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான். "ஊட்ல கொஞ்சம் உடம்பு சரியில்லைங்க." அந்தக் 'கொஞ்சம்' எனக்காக உழைத்த உழைப்புக்கு அதற்கு ஒரு சிலையே வைக்கலாம்.

உறவில் கேட்கக்கூடிய ஒரே ஆள் அக்கா. ஆட்டையாம்பட்டியில் இருக்கிறாள். பாசக்காரிதான், ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறையாவது, அவளை அவ பொறந்த ஊட்ல உட்டுட்டு வா சாமி, உனக்குன்னு ஒரு பொழப்பு வேண்டாமா என்று ஆரம்பித்துவிடுவாள். அதையும் என் மனைவி பக்கத்து அறையில் இருக்கும்போதே சொல்வாள். எனக்குக் கோபம் தலைக்கேறும். அக்கா வருவதையே குறைத்துவிட்டேன். அதனால் எனக்கு மிச்சமானது நிம்மதி என்று அப்போது நினைத்தேன். உண்மையில் கூப்பிட ஒரு ஆள்கூட மிச்சமில்லாமல் போய்விட்டது.

இரண்டு வருஷம் முடியும் சமயத்தில், பன்னிரண்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வலி வந்து அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் ஏதோ சோதனை செய்துகாட்டப் போகிறேன் என்று நினைத்து அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று டாக்டர் திட்டினார். குடல் உள்ளே திரும்பிப் போகாமல் சிக்கிக்கொண்டால் அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும், அப்போது யாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வருவீர்கள் என்றார். உயிருக்குப் பயமாக இருந்தது. என் உயிர் போய்விட்டால் எட்டரை மாத்திரையை யார் கொடுப்பார்கள் என்பதுதான் அதைவிடப் பெரிய பயம்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மருந்து வாங்க சேலம் போவோம். அவளுடைய டாக்டரின் கிளினிக் அங்கே ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறது. அந்த முறை, நோயாளிகளோடு வந்தவர்களுக்கு மட்டும் மாடியில் ஒரு கூட்டம் என்றார்கள். முப்பது வயதுகூட இருக்காது, சமூகப் பணியாளர் என்று ஒரு பெண் நடத்தினாள். கூட வந்தவர்கள் பத்துப் பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு எரிச்சல். வாத்தியாருக்கே வகுப்பு எடுக்க வந்துவிட்டாள் என்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மட்டும் படித்த பையன்கள் உட்காரும் இடம் அதுதான்.

அந்தப் பெண் நோயைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "உங்க உடம்புக்குன்னு நீங்க கடைசியா எப்ப டாக்டரைப் பாத்தீங்க?" என்று எங்களைக் கேட்டாள். குமாரபாளையத்திலிருந்து மகனோடு வந்திருந்த ஒரு அம்மா மட்டும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பதினாறு வருஷமாக என்னிடம் எல்லோரும் என் மனைவியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது, நானும் அதைத்தானே பேசுவேன்.

முடிக்கும்போது எங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள். நாளைக்கு நீங்கள் இல்லையென்றால், நீங்கள் அழைத்து வந்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள வருபவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், எழுதுங்கள். எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டுங்கள்.

எழுதுவது எனக்குக் கைவந்த கலை. எங்கள் பள்ளியே நோட்ஸால் ஓடும் பள்ளி. எந்தப் பாடத்தையும் ஆறு பக்கத்துக்குள் அடக்கி, முக்கியமானதற்கு அடிக்கோடிட்டு, பையன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற மாதிரி எழுதுவேன். ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி அதே பாணியில் என் மனைவியை எழுதினேன். உணவு, உறக்கம், மருந்து, அபாய அறிகுறிகள், செய்யக் கூடாதவை என்று தலைப்புகள். இரண்டு இரவு சேர்ந்தாற்போல் தூங்காவிட்டால் டாக்டருக்கு ஃபோன் செய்யவும். கூட்டத்துக்கு அழைத்துப்போக வேண்டாம், பயப்படுவாள். மிக்ஸி சத்தம் ஆகாது. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பத்து நாளில் பதினொரு பக்கம். எனக்கே பெருமையாக இருந்தது. அவளிடம் படித்துக் காட்டவேண்டும் என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டேன். கேள்வித்தாளைக் கடைசி வரி வரை படி என்று பிள்ளைகளைப் படுத்துகிறவன் நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேப்பர் கட்டை மேசையில் வைத்துவிட்டு, முட்டை வாங்கக் கடைக்குப் போனேன். அந்தக் கட்டுக்குள் இந்த நோட்டும் இருந்தது மறந்துபோயிற்று. திரும்பி வந்தால் அவள் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் என் சிவப்புப் பேனா. எதிரே அந்த நோட்டு. முட்டைப் பையைக் கீழே வைத்தேன்.

அவள் நிமிரவில்லை. பேனா கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பழைய கணக்கு டீச்சரின் வேகம் அது. கடைசிப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு உள்ளே எதையோ எழுதி நோட்டை என் பக்கம் தள்ளினாள். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. பக்கத்தில், கையெழுத்து நன்று.

கோபித்துக்கொள்வாள், அழுவாள், இரண்டு நாள் பேசமாட்டாள் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். இதை எதிர்பார்க்கவில்லை. புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. மாத்திரைகளும் நேரமும் சரி, டிக். தூக்கத்தைப் பற்றி எழுதியது சரி, டிக். கூட்டம் என்றால் பயப்படுவாள் என்ற வரி அடிக்கப்பட்டிருந்தது. மேலே எழுதியிருந்தாள்: பயம் இல்லை. என்னைப் பார்த்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள், அது பிடிக்காது. மிக்ஸி வரிக்குப் பெரிய பெருக்கல் குறி.

இந்த மிக்ஸியை விளக்கியாக வேண்டும். நோய் வந்த புதிதில், அப்போது குடியிருந்த வாடகை வீட்டில், மிக்ஸி ஓடும்போது அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து யாரோ திட்டுகிறார்கள் என்று அவள் ஜாரைத் தூக்கிப் போட்டு உடைத்தாள். அன்றிலிருந்து நான் மிக்ஸியைக் குளியலறைக்குள் கொண்டுபோய், ஹீட்டர் பிளக்கில் சொருகி, கதவைத் தாழ்போட்டுக்கொண்டுதான் சட்னி அரைப்பேன். வீடு மாறிய பிறகும் அதேதான். பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் மிக்ஸி. மழைக்காலத்தில் ஷாக் அடித்து ஒருமுறை பொட்டுக்கடலையோடு விழுந்திருக்கிறேன்.

"அது போன ஊட்லயே நின்னுபோச்சுங்க," என்றாள். "ஏழு வருசமாச்சு."

பின் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பாத்ரூமுக்குள்ள தாப்பாப் போட்டுட்டுச் சட்னி அரைக்கிறீங்க. உங்களுக்குத்தான் ஏதோ ஆயிப்போச்சுன்னு நெனச்சேன். கேட்டா சங்கடப்படுவீங்கன்னு உட்டுட்டேன்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு எனக்கு அவமானமாக இருந்தது. பதினாறு வருஷத்துக்கு முன்பு எடுத்த நோட்ஸையே நான் வருஷா வருஷம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். நடுவில் சிலபஸ் மாறியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

எதற்காக இதை எழுதினீர்கள் என்று அவள் கேட்டபோது பெல்ட்டைப் பற்றியும் ஆபரேஷனைப் பற்றியும் சொன்னேன். பெல்ட் அவளுக்குத் தெரியும், துவைத்துக் கொடியில் போடுவதைப் பார்த்திருக்கிறாள். இடுப்பு வலிக்கு என்று நினைத்திருந்தாளாம். ஆபரேஷனை இரண்டு வருஷம் தள்ளிப்போட்டது அவளால்தான் என்று நான் சொல்லவில்லை. அவள் புரிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தாள். பிறகு ஃபோனை எடுத்து என் அக்காவைக் கூப்பிட்டாள். பதினாறு வருஷத்தில் அவளாக அக்காவைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு ஆபரேஷன், நீங்கள் வந்து மூன்று நாள் என்னோடு இருக்க முடியுமா என்று கேட்டாள். வந்தால் என் முன்னால் என்னைப் பற்றிப் பேசக் கூடாது, என்னிடம் பேசலாம் என்றும் சொன்னாள். அக்கா வருகிறேன் என்றாள்.

காலாண்டு விடுமுறையில் தேதி குறித்தோம். அக்கா ஒரு பை முறுக்கோடு வந்து இறங்கினாள். நோட்டை அவளிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கறுப்பு, சிவப்பு இரண்டையும் விடாமல் படித்தாள். படித்து முடித்து, "இத்தனை நாளா எனக்கு எதுவுமே சொல்லலையே சாமி நீ," என்றாள். அதட்டலாக ஆரம்பித்தது கடைசியில் அதட்டலாக முடியவில்லை. அக்காவின் வாய்க்குத்தான் பூட்டு இல்லை, என் வாய்க்கு நானே பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று அப்போது தோன்றியது.

ஆபரேஷன் காலையில் நடந்தது. சாயங்காலம் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாள், கையில் அந்த நோட்டு. அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பருப்பு வேகவைத்துக்கொண்டிருக்கிறாள், உன்னைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள் என்றாள் அக்கா. பிறகு வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அக்கா நேராக நர்ஸிடம் போய், அவனுக்கு நல்ல வலி, ஊசி போடுங்க என்றாள். நான் விழித்தேன்.

"இல்லைன்னு சொன்னா இருக்குதுன்னு அர்த்தமாம். இதுல எழுதியிருக்குது," என்றாள்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். என் பதினொரு பக்கத்துக்குப் பிறகு, எனக்குத் தெரியாமல் என் மனைவி எழுதிய பன்னிரண்டாவது பக்கம். முழுக்கச் சிவப்பு மை. மேலே அடிக்கோடிட்ட தலைப்பு: இவரைப் பார்த்துக்கொள்ள வருபவருக்கு. வலித்தால் சொல்ல மாட்டார். பசித்தால் கோபம் வரும், கோபம் வந்தால் முதலில் சாப்பாடு கொடுக்கவும். காபியில் சர்க்கரை போதவில்லை என்றாலும் குடித்துவிடுவார், கேட்டுப் போடவும். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அக்கா பார்க்கிறாளே என்று அடக்கவும் தோன்றவில்லை, அழுதேன். கடைசி வரியைப் படிக்க விடாமல் அக்கா நோட்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அது எங்களுக்கு எழுதினது, உனக்கில்லை என்று கிளம்பிப் போனாள்.

சாப்பிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு இருபது, எட்டு இருபத்தைந்து. எட்டரைக்கு ஃபோன் அடித்தது.

"ஏனுங்க, மாத்திரை போட்டுட்டனுங்க," என்றாள். "நீங்க தூங்குங்க."

அதுதான் அந்தக் கடைசி வரி. வீட்டுக்கு வந்த பிறகு படித்தேன்: எட்டரைக்கு நான் மாத்திரை போட்டேன் என்று தெரிந்தால்தான் தூங்குவார், சொல்லிவிடவும். அன்று ஃபோனை மார்பில் வைத்துக்கொண்டு, காலையில் நர்ஸ் வந்து எழுப்பும்வரை தூங்கினேன்.