பத்து நாள் நகைக்கடை

எனக்கு முன்கோபம் உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் "மிஸ், மிஸ்" என்று கத்துகிற அறையிலிருந்து வெளியே வருகிற நேரத்தில் போன் அடித்தால், எடுக்கும்போதே "என்ன?" என்றுதான் எடுப்பேன். அப்பாவிடமும் அப்படித்தான்.

அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. மயிலாப்பூரில் முண்டகக்கண்ணி அம்மன் கோவில் பக்கம், லிப்ட் இல்லாத பழைய பிளாட்டில், இரண்டாவது மாடியில் தனியாக இருந்தார். அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நான் இருப்பது அடையாறில். பக்கம்தான், ஆனால் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டதிலிருந்து லஸ் முனையைத் தாண்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது. என் வீட்டோடு வந்துவிடுங்கள் என்று அம்மாவின் காரியம் முடிந்த மறுநாளிலிருந்தே நச்சரித்துக்கொண்டிருந்தேன். புனேயில் இருக்கும் தம்பியும் போனில் அதையே ஓதுவான். அப்பாவிடம் இருந்தது ஒரே பதில்.

"என் வேலைய நானே பாத்துக்கிறேன்ல? என்னிக்கு முடியலையோ அன்னிக்குப் பெட்டியத் தூக்கிட்டு நானே வந்துடறேன். அதுவரைக்கும் என்னை விட்டுடு."

அவர் தபால் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு காலத்தில் ரேடியோவுக்கும் டிவிக்கும் வீட்டுக்கு வீடு லைசென்ஸ் உண்டு. அந்தப் பணத்தைத் தபால் ஆபீசில்தான் கட்ட வேண்டும். அந்தக் கவுண்டரில் அப்பா பல வருஷம் உட்கார்ந்திருக்கிறார். "பெட்டிதான் காசு குடுத்து வாங்கியாச்சே, பாக்கறதுக்கு வேற எதுக்குக் காசு?" என்று சண்டைக்கு வருகிறவர்களிடம், "பெட்டிக்குக் குடுத்தது கடைக்காரனுக்கு. உள்ள பாடறவன் சாப்பிட வேணாமா?" என்பாராம். அந்த லைசென்ஸையே ஒழித்து எத்தனையோ காலம் ஆகியும், அரசுத் தொலைக்காட்சி தன் காசில் நடப்பதாகத்தான் அவருக்கு நினைப்பு. செய்தியில் ஏதாவது ஊர்ப்பெயரைத் தப்பாகச் சொன்னால் போஸ்ட்கார்டு போடுவார். பதிலே வராது. அடுத்த தப்புக்கு அடுத்த கார்டு போகும்.

அந்தச் சேனலின் ஏழு மணிச் செய்தியை அவரும் அம்மாவும் சேர்ந்துதான் பார்ப்பார்கள். அப்பாவுக்குச் செய்தி முக்கியம், அம்மாவுக்குச் செய்தி வாசிக்கிற பெண்ணின் புடவை முக்கியம். "கட்டு நல்லாயிருக்கு", "இந்தக் கலர் இவளுக்கு எடுக்கவே இல்ல" என்று அம்மா தீர்ப்புச் சொல்லாமல் செய்தி முடியாது. அம்மா போன பிறகு, ஏழரைக்கு அப்பா எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். "இன்னிக்குப் பச்சைம்மா. ஓரத்துல மஞ்சளா என்னவோ ஓடுது. நல்லாத்தான் இருந்திச்சு." புடவையைப் பற்றி அந்த மனுஷருக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் நோட்டுத் திருத்திக்கொண்டே "ம்... ம்..." கொட்டுவேன்.

முந்தின வருஷம் துக்க வருஷம், அதனால் பண்டிகை கிடையாது. எனவே அந்த ஆயுத பூஜைதான் அம்மா இல்லாமல் வந்த முதல் பூஜை. ஒரு பிடிவாதத்தோடு போய் இறங்கினேன். வீட்டைக் கழுவி, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, பிரிட்ஜ், மிக்சி, கேஸ் அடுப்பு, பீரோ, இஸ்திரிப்பெட்டி, டிவி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தேன். பொரிகடலை, சுண்டல் எல்லாம் ஆயிற்று. "உங்கம்மா மாதிரியே பண்ணிட்டே" என்று அப்பா கண் கலங்கினார். எனக்கு ஒரே பெருமை. அன்று ராத்திரியே அடையாறுக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது.

"டிவில நகைக்கடையே வந்திட்டிருக்கும்மா. மாத்தினா மாற மாட்டேங்குது."

கேபிள் பாக்ஸைப் போட்டால் முதலில் ஒரு விளம்பரச் சேனல்தான் வரும். எந்நேரமும் நெக்லஸும் வளையலுமாக ஓடும். முதலில் வருவதற்கு அந்தச் சேனல்காரர்கள் தனியாகப் பணம் கட்டுகிறார்களாம். அதிலிருந்து நமக்கு வேண்டியதற்கு ரிமோட்டால் மாற்றிக்கொள்ள வேண்டும். அப்பாவிடம் இரண்டு ரிமோட்: கறுப்பு டிவிக்கு, சாம்பல் நிறம் பாக்ஸுக்கு.

"கறுப்பை எடுத்திருப்பீங்கப்பா. சாம்பல் கலரை எடுங்க."

"அதைத்தாம்மா அமுக்கறேன்."

"பேட்டரி?"

"புதுசு போட்டாச்சு. பாக்ஸையும் நாலு தரம் அணைச்சுப் போட்டுட்டேன்."

"பொறுமையா, ஒழுங்காப் பாருங்கப்பா." கடைசி பெஞ்சுப் பிள்ளையிடம் பேசுகிற அதே குரலில் சொன்னேன்.

கேபிள்காரருக்குப் போன் போட்டேன். "மேடம், சிக்னல் ஜோராப் போய்க்கினு கீது. ஐயாதான் ரெண்டு ரிமோட்டையும் கொழப்பிக்கிறாரு. பெரியவங்க வூட்ல எல்லாம் இதே ரோதனைதான் மேடம்" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாள் அதே கட்டடத்தில் வேறு வீட்டுக்கு வந்தவர், கீழேயிருந்தே, "இன்னா சார், படம் வர்தா?" என்று குரல் கொடுத்திருக்கிறார். "வருது, ஆனா..." என்று அப்பா ஆரம்பிப்பதற்குள், "அப்ப ஓகே சார்!" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அப்பா இதை வருத்தத்தோடு சொல்ல, நான் சிரித்தேன்.

"சிரிக்காத. நான் கேக்கறது எல்லாருக்கும் சும்மா வர்ற சேனல். நகைக்கடைக்காரன் காசு கட்டி முன்னாடி வந்து உக்காந்துக்கிறான். நானும் மாசாமாசம் கட்டறேனே, எனக்கு ஏன் வழி விட மாட்டேங்கிறான்?"

நியாயமான கேள்விதான். எனக்கு அதைக் காதில் போட்டுக்கொள்ள நேரமில்லை. "உங்களுக்கு மறதி வந்திடுச்சுப்பா" என்று ஒவ்வொரு போனிலும் சொல்ல ஆரம்பித்தேன். தம்பியிடம், "அப்பாவுக்கு மறதி ஆரம்பிச்சிடுச்சுடா" என்றேன். "நான் சொன்னேன்ல? பேசிப் பேசிக் கூட்டிட்டு வந்துடு" என்றான்.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, அப்பா திரும்பவும் அதே பல்லவியோடு கூப்பிட்டார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஒரு ரிமோட்டை அமுக்கத் தெரியலையேப்பா உங்களுக்கு! நாளைக்கு கேஸைத் திறந்து விட்டுட்டு மறந்து போயிட்டா நான் என்ன பண்றது?"

அப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"நீ சொல்றது சரிதாம்மா. ஞாயித்துக்கிழமை வா. நான் வந்துடறேன்."

அப்பாடா என்று இருந்தது. உடனே தம்பிக்குச் சொன்னேன். இத்தனை நாளாக ஏழரை மணிக்குப் புடவை பற்றிய போன் வரவில்லை என்பது எனக்கு உறைக்கக்கூட இல்லை.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். கட்டிலின் மேல் சூட்கேஸ் திறந்திருந்தது. சட்டை வேட்டியெல்லாம் மடித்து உள்ளே அடுக்கியாகிவிட்டது. அப்பா "டீ போடறேன்" என்று சமையலறைக்குப் போனார். பாக்ஸைக் கழற்றிக் கேபிள்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று டிவிக்குப் பின்னால் கையை விட்டேன். பழைய பழுப்புக் கவர் ஒன்று தட்டுப்பட்டது.

கவரின் முதுகில் அப்பாவின் பொடிக் கையெழுத்து. "1. சுவிட்ச். 2. கறுப்பு ரிமோட், டிவி. 3. பாக்ஸில் விளக்கு எரிகிறதா பார். 4. சாம்பல் ரிமோட், பாக்ஸ். 5. சேனல் எண்." ஒரு தப்பும் இல்லை. அதற்குக் கீழே வேறு என்னவோ எழுதியிருந்தது. மயிலாப்பூர் 4. ராயப்பேட்டை 14. தி. நகர் 17. அடையாறு 20. மந்தைவெளி 28. பெசன்ட் நகர் 90. தபால் பின்கோடின் கடைசி எண்கள். ஒவ்வொரு நாளும் தேதி போட்டு, வேறு வேறு பேட்டைகளை எழுதி, தனக்குத்தானே டிக் அடித்திருந்தார். புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் மறதி மறதி என்று சொல்லச் சொல்ல, அவர் தனியாக உட்கார்ந்து தன் மூளைக்குப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். போனில் தேடிச் சரிபார்த்தேன். எல்லாமே சரி.

அவர் எழுதியிருந்த வரிசைப்படி நானே எல்லாவற்றையும் போட்டேன். சாம்பல் ரிமோட்டை அமுக்கினேன். நகைக்கடைப் பெண் கழுத்தில் அட்டிகையோடு சிரித்துக்கொண்டே நின்றாள். திரும்ப அமுக்கினேன். அசையவில்லை. அந்தப் பத்து நாளில் அந்த ரிமோட்டை நான் என் கையால் அமுக்கிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை!

ரிமோட்டின் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று கிளம்பும். போன் கேமராவில் பார்த்தால் அது மினுக்கும். வகுப்பில் நானே செய்து காட்டியிருக்கிறேன். பார்த்தேன், மினுக்கியது. ஆக, இங்கிருந்து கிளம்புகிறது. அங்கே போய்ச் சேருகிறதா? குனிந்து பாக்ஸைப் பார்த்தேன்.

முன்பக்கம், வலது ஓரம், ரிமோட்டின் ஒளி உள்ளே போகிற அந்தச் சின்னக் கறுப்புக் கண்ணாடியின் மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் அப்பியிருந்தது. அதன் நடுவில் குங்குமம். காய்ந்து இறுகிப் போயிருந்தது. நான் வைத்த பொட்டு.

அப்பா அதைப் பத்து நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். ஆனால் பூஜையில் வைத்த பொட்டை நம் வீடுகளில் யார் துடைப்பார்கள்? அதுவாக உதிரும்வரை இருக்கும். அதைப் போய் யாருக்குச் சந்தேகப்படத் தோன்றும்? ஒளி நேர்கோட்டில் செல்லும், குறுக்கே பொருள் இருந்தால் தடைபடும் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிற எனக்கே தோன்றவில்லை.

புடவைத் தலைப்பை நனைத்துத் துடைத்தேன். அமுக்கினேன். வாழையில் இலைப்புள்ளி நோய் பற்றி ஒரு விவசாயி பேச ஆரம்பித்தார்.

சமையலறையில் டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. உண்மையைச் சொல்கிறேன்: டிவியை அணைத்துவிடலாமா என்று தோன்றியது. அவர்தான் சம்மதித்துவிட்டாரே, பெட்டியும் கட்டியாகிவிட்டதே. இனி ராத்திரியில் போன் அடித்தால் எனக்கு நெஞ்சு அடைக்காது. மாடிப்படியில் விழுந்துவிடுவாரோ என்று பயந்துகொண்டிருக்க வேண்டாம். விரல் ரிமோட்டின் மேல்தான் இருந்தது. அதற்குள் அப்பா இரண்டு டம்ளர்களோடு வந்துவிட்டார். டிவியைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"எப்படிம்மா?"

"நான்தாம்ப்பா. பூஜை அன்னிக்கு நான்தான் பாக்ஸ்ல அந்தக் கண்ணாடி மேல பொட்டு வச்சிட்டேன். அது மறைச்சிட்டிருந்திருக்கு. நீங்க சரியாத்தான் அமுக்கியிருக்கீங்க. பத்து நாளும் சரியாத்தான் அமுக்கியிருக்கீங்க."

டம்ளர்களை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து கேட்பார்களே, அப்படிக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லப்பா."

"நெஜமா?"

"சத்தியமாப்பா."

"நீ படிச்சவ. அவ்வளவு உறுதியாச் சொன்னியா, சரி, நமக்குத்தான் ஞாபகம் போயிடுச்சுன்னு நெனச்சிட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்லம்மா. உங்கம்மா பேரு மறந்துடுமோன்னு பயந்துட்டேன்."

எனக்குத் தாங்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். "அட, விடு. டீ ஆறுது" என்று தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். வாழை விவசாயி பேசி முடிக்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தோம்.

பிறகு அப்பா எழுந்து உள்ளே போனார். சூட்கேஸிலிருந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பீரோவில் வைக்க ஆரம்பித்தார். கூடமாட எடுத்து வைக்கலாம் என்று நானும் எழுந்து போனேன். கையை நீட்டித் தடுத்தார்.

"நீ உக்காரும்மா. எது எங்கேன்னு எனக்குத் தெரியும்."

நான் உட்கார்ந்துகொண்டேன்.