சீனி போடாத கிரான்பெரி

அந்தப் பழம் துள்ளும் என்று எனக்குத் தெரியாது. பையைப் பிரித்தபோது ஒன்று கைதவறி விழுந்து, குசினித் தரையில் இரண்டு முறை துள்ளி, தவழ்ந்துகொண்டிருந்த மகளுக்கு முன்னால் போய் நின்றது. அவள் வாயில் வைப்பதற்குள் பாய்ந்து பறித்தேன். ஏழு மாதக் குழந்தை. எதையும் வாயில் வைத்துத்தான் அறிகிற வயது. பறித்ததைக் குறுக்காக வெட்டிப் பார்த்தேன். உள்ளே நான்கு சிறிய அறைகள், அவற்றில் வெறும் காற்று. நுனிநாக்கில் வைத்தேன். கிளாக்காய்ப் புளிப்பு, அதன் பின்னால் மெல்லிய கசப்பு.

டென்மார்க்கில், நாங்கள் இருக்கும் ஹொல்ஸ்டெப்ரோ நகரில், பிள்ளை பெற்ற பெண்களை, வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி ஐந்தாறு பேராகச் சேர்த்துவிடுவார். கிழமைக்கு ஒரு வீட்டில் கூடிக் கோப்பி குடித்து, பிள்ளைகளின் நித்திரையைப் பற்றிக் கதைப்போம். என் குழுவில் நான் ஒருத்திதான் தமிழ். டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு முன் ஒருநாள் எல்லோரும் சேர்ந்து மதியம் சாப்பிடுவது என்று முடிவானது. சில வருடங்கள் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவள் வான்கோழி சுடுவதாகச் சொன்னாள். அதற்குத் தொட்டுக்கொள்ளும் கிரான்பெரி சோஸ் என் பங்கு. பழத்தையும் இரண்டு கோப்பைச் சீனியையும் கொதிக்கவிட்டால் சரி என்று செய்முறையையும் எழுதித் தந்தாள். எனக்கு ஏற்ற சுலபமான வேலையாகத் தேடித் தந்திருக்கிறாள் என்று விளங்கியது. டெனிஷில் மறுத்துச் சொல்ல ஒரு வசனத்தை யோசித்து முடிப்பதற்குள் அடுத்தவளின் பங்குக்குப் போய்விட்டார்கள்.

சிக்கல் சீனியில் இருந்தது.

மகள் பிறந்து மூன்று கிழமையில், ஊரில், இலங்கையில், சண்டை முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. என் கணவரின் தம்பி அந்தக் கடைசி நாட்களில் சண்டை நடந்த இடத்துக்குள் அகப்பட்டிருந்தார். அதன் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாம்களில் இருந்தவர்களிடம் விசாரித்தோம். உயிரோடு கண்டவர் இல்லை. செத்ததைக் கண்டவரும் இல்லை. எங்களோடு இருந்த மாமி, அவரைப் பெற்றவர், அழவில்லை. சடங்கு எதுவும் செய்யவில்லை. அவரைப் பற்றிக் கதைக்கவும் இல்லை.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு இனிப்புச் செய்வதில்லை. எங்கள் வீடு எந்த வீடு? தீபாவளிக்கு மாமி ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்த வருடம் எங்களுக்குத் தெரிந்த எந்தத் தமிழ் வீட்டிலும் செய்யவில்லை. கார்த்திகையில் மகளுக்கு முதல் பல் முளைத்தது. பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் கொட்டவேண்டும். மாமியிடம் கேட்டபோது "பிறகு பாப்பம்" என்று மட்டும் சொன்னார். அதை வைத்து நானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: மாமி மனதுக்குள் ஏற்றுக்கொண்டுவிட்டார், வாய்விட்டுச் சொல்லத்தான் மாட்டார்.

அப்படியானால் இந்த அடுப்பில் சீனி காய்ச்சலாமா? வெள்ளைக்காரருக்குச் செய்யும் சோஸ் பலகாரத்தில் சேருமா? இதை மாமியிடம் கேட்பதும், "உங்கள் மகன் செத்துவிட்டாரா?" என்று கேட்பதும் ஒன்றுதான். எனவே கேட்கவில்லை. சீனி இல்லாமல் உறைப்பாகச் செய்தால் யாருக்கும் நோகாது என்று நினைத்தேன்.

எண்ணெயில் கடுகு வெடித்தது. சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய், கொஞ்சம் வெந்தயம். வெங்காயம் வதங்கினால் இனிக்குமே, அது இனிப்பில் சேருமா என்று அதற்கும் ஒரு நிமிடம் கரண்டியோடு நின்றேன். பிறகு பழங்களைக் கொட்டி, உப்பும் வினாகிரியும் விட்டேன். ஒவ்வொன்றாக டப், டப் என்று வெடித்தன. மகள் தன் கதிரையில் இருந்தபடி ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணைச் சிமிட்டினாள்.

வேலைக்கு வெளிக்கிட்ட கணவர் இருமிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, டெனிஷ்காரரை நத்தாருக்கு ஆஸ்பத்திரியிலை படுக்க வைக்கப்போறீரோ?"

"சும்மா இருங்கோ. ஒருக்கால் ருசி பாத்துச் சொல்லுங்கோ."

கரண்டியை நக்கியவருக்கு ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. "அம்மாட்டைக் குடும். எனக்கு நேரம் போட்டுது" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு தப்பிவிட்டார்.

மாமி உள்ளங்கையில் ஒரு துளி வாங்கி நக்கினார்.

"என்ன பிள்ளை இது? பல்லுக் கூசுது."

"இறைச்சிக்குத் தொட்டுச் சாப்பிடுறது, மாமி."

அடுப்புக்குப் பக்கத்தில், முதல்நாள் நான் வாங்கிய சீனிப் பை உடைக்காமல் இருந்தது. மாமி அதைப் பார்த்தார்.

"வாங்கி வைச்சிட்டு ஏன் போடேல்லை?"

"உறைப்பாய்ச் செய்தால் வித்தியாசமாய் இருக்குமெண்டு..."

"என்னைப் பாத்துச் சொல்லு."

நான் சட்டியைப் பார்த்தேன்.

"ஆர் செத்ததெண்டு நீ சீனி போடேல்லை?"

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நேரம் கேட்பதைப் போலக் கேட்டார்.

"கொழுக்கட்டையும் நீங்கள் வேண்டாமெண்டு சொன்னபடியால்..."

"வேண்டாமெண்டு சொன்னனானோ? பிறகு எண்டெல்லோ சொன்னனான். அவன்ரை தகவல் ஒண்டு வரட்டும், சந்தோசமாய் அவிப்பம் எண்டு நிண்டனான். நீ அதுக்குள்ளை அவனைச் சாக்காட்டிப்போட்டியே?"

ஏழு மாதமாக ஒரே வீட்டில் இருந்து, காத்திருக்கிற ஒருவரைத் துக்கம் காக்கிறவர் என்று நினைத்திருக்கிறேன். அவர் சீனிப் பையைக் கத்தியால் கீறி, அளக்காமல் சட்டிக்குள் கொட்டினார். கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக் கிண்டினார். சோஸ் மினுங்கத் தொடங்கியது. "இப்ப பார்" என்று என் உள்ளங்கையில் விட்டார். வெட்கத்தில் நின்ற நேரத்திலும் அதன் ருசியை அறிய ஆவலாக இருந்ததை நான் மறைக்க விரும்பவில்லை. முதலில் இனிப்பு, உடனே புளிப்பு. கசப்பு எங்கே போனதென்று தேடுவதற்குள் உறைப்பு வந்துவிட்டது.

சாப்பாட்டு நாளன்று வான்கோழிக்காரி மூன்றாவது கரண்டி போட்டுக்கொண்டு, இதற்குப் பெயர் என்ன என்று கேட்டாள். மூக்கு அவளுக்குச் சிவந்திருந்தது. "தெரியாது, என் மாமி செய்தது" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமி கேட்டார்.

"சாப்பிட்டவையோ?"

"ஓம் மாமி. வழிச்சுத் துடைச்சவை."

நான் கொண்டுபோனது போக, சட்டியில் மிஞ்சியிருந்ததை அவர் எட்டிப் பார்த்தார். ஆறியதும் அது கட்டியாக உறைந்திருந்தது.

"இது எவ்வளவு நாள் கிடக்கும்?"

"சீனியும் வினாகிரியும் இருக்கிறபடியால் ஒரு வருஷம் கிடக்கும்."

"அப்ப ஒரு போத்தலிலை போட்டு மூடி வை. அவனுக்கு உறைப்பும் இனிப்புமாய் இருந்தால் விருப்பம்."

போத்தலைச் சுடுநீரில் அவித்து, துடைத்து, நிரப்பினேன். இங்கே எல்லோரும் செய்வதைப் போல ஒரு துண்டுக் கடதாசியை ஒட்டி, பேனாவை எடுத்தேன்.

"திகதி எழுதாதை" என்றார் மாமி.

ஒன்றும் எழுதாத கடதாசியோடு அதைக் குளிர்பெட்டியின் பின்பக்கத்தில், கை இலகுவில் எட்டாத இடத்தில் வைத்தேன்.