போர்வை தைக்காத ஏழு மாசம்

எனக்குச் சும்மா உட்கார வராது. டிவி பார்த்தாலும் கையில் ஊசி இருக்க வேண்டும், ஊர்க்கதை பேசினாலும் மடியில் ஒரு துணி கிடக்க வேண்டும். ஆனால் ஒரு வேலையையும் முடிக்க மாட்டேன். கை வைக்காத ஜாக்கெட், ஜிப்புக்காகக் காத்திருக்கிற பை, பாதியில் நின்ற நைட்டி என்று கட்டிலுக்கு அடியில் எப்போதும் மூன்று மூட்டை இருக்கும். "இந்த ஜென்மத்துல முடிப்பியா, இல்ல அடுத்ததுக்குத் தள்ளிடுவியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவர் ஓசூர் சிப்காட்டில் பைக் பாகம் செய்கிற கம்பெனியில் இருக்கிறார். அங்கே ஷிப்டு முடிவதற்குள் கணக்குப்படி பீஸ் இறங்கியாக வேண்டுமாம். இந்தக் கம்பெனிக்கு நான்தான் மேனேஜர், நீங்க போய் உங்க வேலையப் பாருங்க என்பேன்.

அப்படிப்பட்டவள் போன வருஷம் மூன்று மூட்டையையும் முடித்துவிட்டேன். ஒன்று பாக்கியில்லை. பார்த்தவர்களெல்லாம் நான் திருந்திவிட்டதாக நினைத்தார்கள். திருந்தவுமில்லை, ஒரு மண்ணுமில்லை. ஒன்றே ஒன்றைத் தைக்கக் கூடாது என்று இருந்தேன். அதற்காக மற்ற எல்லாவற்றையும் தைத்துத் தள்ளினேன்.

என் தங்கச்சி ராயக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். எங்களுக்கு அம்மா இல்லை. அவளுக்குத் தாய்வீடு என்றால் ஓசூரில் மாடியில் இருக்கிற என் ரெண்டு ரூம் வீடுதான். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து அவள் முதல்முறை முழுகாமல் இருந்தபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றைக்கே பீரோவைத் திறந்து பழைய பருத்திப் புடவைகளை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டேன்.

குழந்தைப் போர்வை தைக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தது கீழ் வீட்டுக்காரி. ஹூப்ளிப் பக்கம் அவளுக்கு. அவள் கன்னடத்தில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன், சண்டைகூட அப்படியே போட்டிருக்கிறோம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன புடவையை நாலு மடிப்பாக விரித்து, மேலே கலர் கலராக வெட்டுத் துணிகளை வைத்து, ஓரத்தில் தொடங்கி உள்ளே வரைக்கும் நெருக்கமாக ஓட்டுத் தையல் போட வேண்டும். அவர்கள் அதைக் கவுதி என்பார்கள். குழந்தையின் கால் விரல் மாட்டாத அளவுக்குத் தையல் பொடியாக இருக்க வேண்டும், முடிச்சு உள்ளே போய்விட வேண்டும். கடைசி மூலையை மூடுவதற்கு முன்னால் ஒரு துளி ரொட்டியை உள்ளே வைத்துத் தைக்கணும், கவுதிக்குப் பசிக்கக் கூடாது என்றும் சொன்னாள். எறும்பு வரும் போடி என்று சிரித்துவிட்டேன்.

எதையும் முடிக்காத நான் அப்படி நாலு போர்வை தைத்து முடித்தேன். ஒன்று மடியில் போட, ஒன்று தொட்டிலுக்கு, ரெண்டு மாற்றுக்கு. பிறப்பதற்கு முன்னால் குழந்தைக்கு எதுவும் வாங்கி வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். புதுத் துணிதானே ஆகாது, இது பழசுதானே என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

ஆறாம் மாசக் கடைசியில் குழந்தை தங்கவில்லை.

கிருஷ்ணகிரியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சியின் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கெட்ட மனுஷி இல்லை. அழுதுகொண்டேதான் சொன்னார். "வயித்துல இருக்கறப்பவே நாலு போர்வை தச்சு அடுக்கி வெச்சியேம்மா. எப்படித் தங்கும்?" திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு வாய்க்கா பஞ்சம்? அழுதபடி சொன்னதால் அது அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. தங்கச்சிக்கு இது தெரியாது. அவள் உள்ளே படுத்திருந்தாள். நான் சொல்லவுமில்லை.

கர்ப்பப்பை வாய் பலமில்லை, அதுதான் காரணம் என்று டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். புத்திக்குப் புரிந்தது. மனசு கேட்க வேண்டுமே! பாத்திரம் கழுவும்போது மாமியார் பேச்சு ஞாபகம் வரும். துணி காயப்போடும்போது நான் வைக்காமல் விட்ட ரொட்டித் துளி ஞாபகம் வரும். ரெண்டு பாஷைக்காரர்களின் சாங்கியமும் சேர்ந்து என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாலு போர்வையையும் எதிர் மனையில் கட்டட வேலைக்கு வந்திருந்த வடக்கத்திக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன். அவர்களுக்குக் கைக்குழந்தை இருந்தது. அப்புறம் மொட்டை மாடிக்குப் போனால் அந்தப் போர்வைகள் காய்கிற அவர்கள் கொடியைப் பார்க்காமல் திரும்பி நின்றே துணி காயப் போட்டேன்.

மறுபடி அவள் போன் செய்தபோது ரெண்டாம் மாசம். "அக்கா, நின்னுருக்கு" என்றாள். நான் "சரி" என்றேன். போனை வைத்ததும் கை தானாகப் பீரோப் பக்கம் போனது. சீ, நாயே, உட்காரு என்று என் கையை நானே திட்டினேன். குழந்தை பிறந்து அழுகிற சத்தம் என் காதில் விழுகிற வரைக்கும் அதற்கென்று ஒரு தையல்கூடப் போடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

முடிவு பண்ணிவிடலாம், கையை என்ன பண்ணுவது? மூட்டைகளைப் பிரித்தேன். ஜாக்கெட் முடிந்தது, நைட்டி முடிந்தது, பைக்கு ஜிப் வந்தது. நாலு தலகாணிக்கு எட்டு உறை தைத்தேன். மிக்சிக்கு உறை, பிரிட்ஜுக்கு உறை, தையல் மெஷினுக்கே ஓர் உறை. வீட்டுக்காரரின் பேண்ட் கால் மடிப்பு நன்றாகத்தான் இருந்தது, அதையும் பிரித்துத் தைத்தேன். அது முடிந்ததும் தெருவில் இறங்கினேன். யார் வீட்டில் கிழிசல் இருக்கிறது, யார் ஸ்கிரீன் நீளமாகிவிட்டது என்று கேட்டுக் கேட்டு வாங்கி வந்தேன். "இனி என்னையத்தான் தைக்கணும்" என்றார் வீட்டுக்காரர். "வாய மட்டும் தைக்கவா?" என்றேன். அன்றைக்கு முழுக்க என் பக்கம் வரவில்லை.

நாலாம் மாசத்தில் டாக்டரம்மா தங்கச்சிக்குக் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, படுத்தே இருக்கச் சொன்னார். எனக்கு அந்தத் தையல் ஞாபகமாகவே இருந்தது. என்ன நூலோ, எத்தனை சுற்றோ, முடிச்சு நிற்குமோ. மெஷினில் நூல் அறுந்தால் அப்படியே விட்டுவிடுவேன். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, வாசல் வரைக்கும் போய்விட்டு வந்து மறுபடி கோர்ப்பேன். மெத்தென்ற துணி எதுவும் கண்ணில் படக் கூடாது என்று வெட்டி அடுப்படிக் கரித்துணி ஆக்கினேன்.

அவள் தினமும் போன் பண்ணுவாள். "என்னாக்கா பண்ற?" "தலகாணி உறை." "வேற?" "வேற என்னா, கீழ வூட்டு ஸ்கிரீன்." "ம்... வேற?" "வேற ஒண்ணும் இல்லடி. நீ சாப்டியா?" படுத்துக் கிடக்கிறவளுக்குப் பொழுது போகவில்லை, ஏதோ பேச்சுக்குக் கேட்கிறாள் என்று இருந்துவிட்டேன். எனக்கெல்லாம் என்ன அறிவோ!

ஒன்பதாம் மாசம் பிறந்ததும் நாலு பேரோடு வளையல் அடுக்கி, காரில் மெதுவாக ஓட்டச் சொல்லி அவளை ஓசூருக்குக் கூட்டி வந்தோம். ஸ்பீடு பிரேக்கர் வந்தபோதெல்லாம் டிரைவர் தலையில் குட்ட எனக்குக் கை பரபரத்தது. வீட்டுக்கு வந்தவள் கட்டிலில் படுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போனாள். பீரோவைத் திறந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். "என்னாடி தேடுற? சொன்னா எடுத்துத் தருவேன்ல?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா" என்றாள். மறுநாளும் அப்படியே. சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. இடம் மாறினால் அப்படித்தான் என்று ரசம் வைத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேனுக்குச் சுருக்குப் போட்டு ஓர் உறை தைத்துக்கொண்டிருந்தேன். அவள் சேரில் இருந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தண்ணி கேனுக்குக்கூடச் சட்டை தச்சுட்ட" என்றாள்.

"தூசி விழுதுல்ல."

"போன தடவ ஆறாம் மாசத்துக்குள்ள நாலு போர்வை தச்ச. இப்ப பீரோ, பெட்டி எல்லாம் பாத்துட்டேன். ஒரு துண்டுத் துணி இல்ல. அப்ப நீயும் இது வராதுன்னுதான நெனச்சுக்கினு இருக்க?"

ஊசி விரலில் ஏறிவிட்டது. "அடிப்பாவி! என்னா பேச்சுடி பேசுற!"

"பின்ன என்னா? எங்க வூட்டுல யாரும் பேரு என்னா வைக்கலாம்னுகூட வாயத் தொறக்கறதில்ல. தொட்டில்னு சொன்னா அவரு எந்திரிச்சு வெளிய போயிடறாரு. அத்தை என் மூஞ்சியப் பாத்துப் பேசறாங்க, வயித்தப் பாக்க மாட்டேங்கறாங்க. எல்லாரும் இப்பவே எழவு வூட்டுல இருக்கற மாதிரி இருக்காங்க. சரி, எங்கக்கா வூட்டுல தச்சு வெச்சிருப்பான்னு வந்தேன். ஒரே ஒரு ஆளாவது இதுக்குக் காத்துக்கினு இருக்கும்னு வந்தேன்க்கா."

சத்தம் போட்டு அழவில்லை. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவும் இல்லை. மறைத்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். வராந்தா, மாமியார் சொன்னது, நான் போட்ட சட்டம், ரொட்டி, எல்லாம். "நான் தைக்கப் போயித்தான் போன தடவ போச்சுன்னு இருந்தேன்டி. இந்தத் தடவ என் கை பட்டு ஏதாவது ஆச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "லூசாக்கா நீ? டாக்டரு அவ்ளோ சொல்லியும் நீயி இதச் சொமந்துக்கினு இருந்தியா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"உன்கிட்ட எப்படிக் கேக்கறது?"

"அந்த நாலும் எங்க?"

"குடுத்துட்டேன்."

அவள் மெதுவாகச் சொன்னாள்: "ஒண்ண எனக்குக் குடுத்திருக்கலாம். அந்தப் புள்ளைக்குன்னு இருந்தது அது மட்டுந்தான்."

எனக்கு அது தோன்றவே இல்லை. என் பயத்தை வீட்டை விட்டு வெளியேற்றினதாகத்தான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன், தூக்கிக் கொடுத்தது அவள் பிள்ளையின் சாமானை. அவள் காலைப் பிடித்துக்கொண்டு நான்தான் ஓவென்று அழுதேன். "சரி வுடு, வுடு, எனக்குக் குனிய முடியாது" என்று என் தலையைத் தடவினாள்.

முகம் கழுவிக்கொண்டு வந்து பீரோவைத் திறந்தால் பழைய புடவை ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் உறையாகவும் கரித்துணியாகவும் தீர்த்திருந்தேன். நான் கட்டிக்கொண்டிருந்த ஊதாப் பருத்திப் புடவை நன்றாகத்தான் இருந்தது, துவைத்துத் துவைத்து மெத்தென்றும் ஆகியிருந்தது. உள்ளே போய் நைட்டி மாற்றிக்கொண்டு வந்து அதைத் தரையில் விரித்தேன். பயம் எங்கேயும் போகவில்லை. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்காலில் உட்கார்ந்து, முழத்தால் அளந்து, சாக்பீஸால் ஒரு சின்னச் சதுரம் போட்டேன். பிறந்த குழந்தையைச் சுற்றி எடுக்கிற அளவு.

"இம்மாந்துண்டா?" என்றாள் சேரில் இருந்து.

"கைக்கொழந்தைக்கு இது போதும்டி."

"போதாது. நீ பெருசா வெட்டுக்கா. அது பள்ளிக்கூடம் போறப்பவும் போத்திக்கினு தூங்கட்டும்."

நான் கோட்டை உள்ளங்கையால் அழித்துவிட்டு, புடவையை முழு அகலத்துக்கும் விரித்து, அவள் சொன்ன அளவுக்கே வெட்டினேன்.