சனிக்கிழமைக் கூட்டத்துக்குள் அண்ணா

இந்தக் குழுவில் எல்லோருடைய நினைவுகளையும் வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிற ஆள் நான். இன்று நானே எழுத வந்திருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பெரிதாக ஒன்றுமில்லை... ஒரு ரேடியோ இரைச்சலைப் பற்றித்தான்.

மண்ணெண்ணெய் ஹீட்டரின் மணம். கண்ணாடி ஜன்னலில் வழியும் ஈரம். குசினியில் வெங்காயம் வதங்குகிறது. எண்பதுகளின் நடுப்பகுதி, நியூசிலாந்தின் சான்ட்ரிங்ஹாமில் நாங்கள் ரென்ட்டுக்கு இருந்த வீடு, குளிர்காலச் சனிக்கிழமை. ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும்.

இருட்டினால்தான் மெல்பேர்ன் கேட்கும்.

எங்களுக்கு நியூசிலாந்து விசா கிடைத்தது. அண்ணாவுக்கு ஆஸ்திரேலியா. நடுவில் ஒரு கடல். அண்ணா அங்கே மெல்பேர்னில் ஒரு ஃபாக்டரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பெயரைக் கேட்பதற்கு முன்பே "நீ எந்த டீம்?" என்று கேட்டார்களாம். ஆஸ்திரேலியக் கால்பந்தில் ஒரு டீம் இல்லை என்றால் தேநீர் இடைவேளையில் கதைக்க ஒன்றுமே இல்லை. வீட்டுக்காரரின் டீமையே தன்னுடையது என்று சொல்லிவிட்டார். பிறகு அது உண்மையாகவே அவருடையதாகிவிட்டது. வாராவாரம் மைதானத்தில் அதே வேலியோரம், அதே ஆட்களோடு நின்று கத்துவார். திங்கள் முழுக்க அந்த மேட்ச். வியாழக்கிழமை வந்தால் அடுத்த மேட்சில் யார் ஆடுவார்கள் என்ற கவலை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. கொழும்பில் கலவரத்தின்போது எங்கள் லேனுக்குள் ஒரு கூட்டம் வந்த நாளுக்குப் பிறகு, நிறையப் பேர் சேர்ந்து கத்துகிற சத்தம் என்றால் அம்மாவுக்கு ஒரே அர்த்தம்தான். கதவைப் பூட்டு, லைட்டை அணை.

போனில் கெஞ்சுவார்.

"கூட்டத்துக்க போகாதை ராசா. வேலை, வீடு எண்டு இரு."

"அம்மா, இஞ்சத்தச் சனம் கத்திப்போட்டு வீட்ட போயிடுவினம். போற வழியில மீட் பை வாங்கிச் சாப்பிடுவினம். அவ்வளவுதான்."

"உனக்கு எல்லாம் பகிடி."

"பகிடியில்லை. ரேடியோவில கேளுங்கோ. எங்கட டீம் கோல் போட்டா நான் 'அம்மா' எண்டு கத்துறன்."

"விசரே உனக்கு!"

ஆனால் அடுத்த சனிக்கிழமை அம்மா ரேடியோவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டார்.

பக்கத்து வீட்டு கெவின் மெல்பேர்ன்காரர். ரக்பி ஊரில் தன் விளையாட்டைப் பற்றிக் கதைக்க ஆளில்லாமல் இருந்த மனிதர். எங்கள் ரேடியோவிலிருந்து ஃபீஜோவா மரம் வரை ஒரு நீளக் கம்பியைக் கட்டித் தந்தவர் அவர்தான். பகலில் ஒன்றும் வராது, பொழுதுபட்ட பிறகு தேடுங்கள் என்றார். அப்படியே... மேட்ச் நாலு பகுதியாக நடக்கும். முதல் மூன்றும் எங்களுக்கு இல்லை. வானம் கறுத்துவர, கடைசிப் பகுதி மட்டும் கடலைத் தாண்டி வந்து சேரும்.

வருவதும் ஒழுங்காக வராது. பெரிதாகும், மங்கும், இரண்டு வேறு நிலையங்களுக்கு நடுவில் மிதக்கும். அறிவிப்பாளர் சொல்வது பாதி புரியாது. அவருக்குப் பின்னால் அந்த இரைச்சல்... அலையா, ஆட்களா என்று தெரியாது. அந்த இருட்டில், ஹீட்டரின் சின்ன நீல வெளிச்சத்தில், வீடே எங்கோ தண்ணீரில் போய்க்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

முதல் சில வாரங்கள் சத்தம் எழும்பும்போதெல்லாம் அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கும். நான் அப்போதுதான் டிகிரி முடித்து பக்கத்துப் பகுதியான த்ரீ கிங்ஸில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி. ஆனாலும் அம்மாவிடம் "பயப்படாதேங்கோ" என்று சொல்ல வாய் வராது. கையை மட்டும் எடுக்காமல் வைத்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை, மேட்ச் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். அண்ணாவின் டீம் கோல் போட்டது. இரைச்சல் பொங்கி ரேடியோவே அதிர்ந்தது. அம்மா அகப்பையோடு அப்படியே நின்றார்.

"கத்துறான்."

"ஆர்?" என்றார் அப்பா.

"தம்பிதான்." அம்மா அண்ணாவை அப்படித்தான் கூப்பிடுவார். " தொண்டை அடைச்சிருக்கு. தடிமன் போல."

"இஞ்சேரும், அவ்வளவு சனத்துக்க உமக்கு அவன்ர தடிமனும் கேட்டதோ?"

அடுத்த நாள் போன் வந்ததும் அம்மாவின் முதல் கேள்வியே, "தடிமனோ?"

அந்தப் பக்கம் அண்ணாவின் கரகரத்த குரல். "ஓம்... ஆர் சொன்னது?"

சனிக்கிழமை அப்படிக் கத்தினால், சளித் தடிமன் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தொண்டை கட்டும்தானே. எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

"இனிக் கழுத்துக்குத் துணி சுத்திக்கொண்டு போ," என்றார் அம்மா. போகாதே என்று அதற்குப் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய கையும் என் மணிக்கட்டுக்கு வரவில்லை. கோல் விழுந்தால் தலையைக் கொஞ்சம் சரித்து, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பதுபோல இருப்பார்.

இப்போது அந்த மேட்செல்லாம் என் போனிலேயே பளிச்சென்று வருகிறது, நாலு பகுதியும். இருட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அம்மா மனுகாவ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போட்டுக் காட்டினேன். "நல்லா விளையாடுகினம்," என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினார்.

அண்ணா வாராவாரம் வீடியோவில் வருவார். முழங்கால் வலி, மைதானத்துக்குப் போவதை விட்டுவிட்டார். அந்த நரைத்த தலையைப் பார்த்து அம்மா, "ஐயா எப்பிடிச் சுகம்?" என்று கேட்பார். அண்ணா சிரித்துக்கொண்டே, "நல்ல சுகம் அம்மா," என்பார்.

ஆனால் சனிக்கிழமை பொழுதுபட்டால் அம்மாவுக்கு ஒரு பரபரப்பு. "பிள்ளை, ரேடியோவைப் போடு. தம்பி கத்தப்போறான்."

இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மெல்பேர்னில் இருக்கிறவர்கள் யாராவது அடுத்த முறை மேட்சுக்குப் போனால்... உங்கள் டீம் எதுவானாலும் பரவாயில்லை, கோல் விழும்போது கூட்டத்தின் சத்தத்தைப் போனில் பிடித்து எனக்கு அனுப்புவீர்களா? முடிந்தால் கூட வந்த ஒரு பெடியனை "அம்மா" என்று ஒருமுறை கத்தச் சொல்லுங்கள்.

போனுக்குப் பக்கத்தில் வேண்டாம். கொஞ்சம் தள்ளி நின்று கத்தட்டும்.